கால்சட்டைக்குள் மறைந்த கட்டுகள்

விளையாட்டுப் புகைப்படங்களின் வரலாற்றைப் புரட்டுவோர் தவறாமல் சந்திக்கும் படம் ஒன்றுண்டு. 1950ஆம் ஆண்டு ஜூன் 10 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள மெரியன் கோல்ஃப் திடலில் ஹை பெஸ்கின் என்பவர் எடுத்தது. ஆட்டக்காரரின் முதுகு மட்டுமே அதில் நமக்குத் தெரிகிறது. தலையில் வெள்ளைத் தொப்பி. வீச்சு முடிந்து உயர்ந்து நிற்கும் மட்டை. இருபுறமும் மதில்போல் மக்கள். தொலைவில் கடைசிக் குழியின் பசுந்திடல். முகமே தெரியாத ஒரு மனிதரின் படம் இவ்வளவு புகழ்பெற்றது வியப்புத்தான்.

அந்தப் படம் காட்டாத ஒன்றைப் பற்றியே இக்கட்டுரையில் பேச நினைக்கிறோம். அந்தக் கால்சட்டைக்குள், கணுக்கால் தொடங்கித் தொடை வரை, இரு கால்களிலும் இழுபடும் துணிக்கட்டுகள் இறுகச் சுற்றப்பட்டிருந்தன. பதினாறு மாதங்களுக்கு முன் எதிரே வந்த பேருந்து மோதி இடுப்பெலும்பு உடைந்தவர் அவர். பெயர் பென் ஹோகன். அப்போது வயது 37. அன்று ஒரே நாளில் 36 குழிகள் ஆடவேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாத நடை. அந்த நடைக்குப் பின்தான் படத்தில் காணும் வீச்சு வருகிறது.

கோல்ஃப் ஆட்டத்தில் உடலுக்கு நேரும் ஊறுகளையும், அவற்றை ஆற்ற மனிதர் கையாண்ட நீவுதல், பிடித்துவிடுதல், தசைகளை நீட்டி இழுத்தல் ஆகிய முறைகளையும் பற்றி எழுதப் புகுந்தால், ஹோகனின் கால்களிலிருந்து தொடங்குவதே முறை என்று தோன்றுகிறது. ஆயினும் அக்கட்டுகளின் பொருள் விளங்க, அதற்கு முந்தைய இரண்டு கதைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று ஆட்டத்தின் கதை. மற்றொன்று கையின் கதை.

உடல் தேவையற்ற ஆட்டம்?

கோல்ஃப் என்றதும் பலர் மனத்தில் எழும் சித்திரம் இதுதான்: புல்வெளி, இளவெயில், ஓய்வுபெற்ற பெரியவர், பையைச் சுமந்து பின்னால் நடக்கும் ஒரு பையன். ஓட்டமில்லை, எதிராளி மேலே வந்து விழுவதில்லை. வியர்க்காத ஆட்டம் என்ற பெயரை கோல்ஃப் தானே விரும்பிச் சூடிக்கொண்டது. விக்டோரியா காலத்துப் படங்களில் ஆட்டக்காரர்கள் மேற்சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்தபடியே மட்டை வீசுவதைக் காணலாம். கனவான் தன் உடலைப் பற்றிப் பேசுவது நாகரிகமன்று என்று கருதிய காலம் அது.

ஆனால் வீச்சின் கணக்கு வேறு. மட்டை மேலிருந்து இறங்கிப் பந்தைத் தொடும் நேரம் ஏறக்குறைய கால் நொடி. அதற்குள் இடுப்பு ஒரு பக்கம் திரும்ப, தோள்கள் சற்றுப் பின்தங்கித் தொடர, இடையே முதுகுத்தண்டு துணி பிழிவதுபோல் முறுக்கப்பட்டு விடுபடுகிறது. அத்தருணத்தில் கீழ்முதுகின் எலும்புகளுக்கிடையே ஏற்படும் அழுத்தம், ஆடுபவரின் எடையைப்போல் சுமார் எட்டு மடங்கு என்று 1990இல் வெளியான அளவீடு ஒன்று கூறுகிறது. ஒரு வீச்சு எவரையும் முடமாக்குவதில்லை. ஒரே பக்கமாக ஆயிரக்கணக்கான முறை வீசுவதுதான் கேடு. கோல்ஃப் ஊறுகளில் கீழ்முதுகு வலி முன்னிற்பதும், முழங்கை, மணிக்கட்டு, தோள் ஆகியவை அதைத் தொடர்வதும் இதனால்தான். முழங்கையின் உட்புறத்தில், மணிக்கட்டை மடக்கும் தசைநாண்கள் எலும்போடு சேருமிடத்தில் வரும் வலிக்கு மருத்துவ உலகம் 'கோல்ஃப் முழங்கை' என்றே பெயரிட்டிருக்கிறது.

ஆக, உடல் தேவையற்றது என்று பெயரெடுத்த ஆட்டம் உடலின் ஓர் உறுப்புக்கே தன் பெயரைச் சூட்டிவிட்டது. இருந்தும் தங்கள் உடலைப் பேணவேண்டும் என்று ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகப் பேச நெடுங்காலம் ஆயிற்று.

கையின் கதை

வலித்த இடத்தைக் கை தானாகவே தடவிக்கொடுக்கிறது. அதைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தடவல் ஐரோப்பாவில் ஒரு மருத்துவமுறையாக மதிப்புப் பெற்ற வழி சுற்றுவழி.

அவ்வழியின் ஒரு கிளை இந்தியாவிலிருந்து சென்றது. பாட்னாவில் 1759இல் பிறந்த ஷேக் தீன் முகம்மது, 1814இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குடியேறி, மூலிகை நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுதலும் இணைந்த நிலையம் ஒன்றை நடத்தினார். மூட்டுப்பிடிப்பும் வாதமும் உற்ற சீமான்கள் அவரை நாடினர். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களுக்கு அவர் அங்க மர்த்தனம் செய்யும் வைத்தியராக நியமிக்கப்பட்டார். அவர் தம் தொழிலுக்கு வழங்கிய பெயர் 'ஷாம்பூயிங்'. பிடித்துவிடுதலைக் குறித்த இந்துஸ்தானிச் சொல்லின் வழிவந்த அந்தப் பெயர்தான் பின்னாளில் பொருள் சுருங்கி, இன்று நம் குளியலறைகளில் தலைக்குத் தேய்க்கும் திரவமாக நிற்கிறது.

மற்றொரு கிளை சுவீடனில் முளைத்தது. பேர் ஹென்ரிக் லிங் என்ற வாள்வீச்சு ஆசிரியர் 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக்கென அரசுக் கல்விக்கூடம் நிறுவினார். நோயாளி தானே செய்யும் அசைவுகள், மற்றவர் பிடித்து அசைக்கும் அசைவுகள், தசையை நீட்டும் நிலைகள் எனப் பகுத்துச் சிகிச்சைக்குப் பயன்படுத்தியது அவர் மரபு. இன்று 'சுவீடன் மசாஜ்' என்று வழங்குவதையும் அவர் கணக்கிலேயே எழுதிவிடுவது வழக்கம். உண்மையில் நீவுதல், பிசைதல், தட்டுதல் என்று கையசைவுகளை வகைப்படுத்தி மருத்துவர்களிடையே பரப்பியவர் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர். லிங் தந்தது அசைவு. மெட்ஸ்கர் தந்தது தொடுகை. பிற்காலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

இத்தொழிலுக்கு ஒரு களங்கமும் உடன் வந்தது. 1894இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்று லண்டனின் 'மசாஜ்' நிலையங்கள் சிலவற்றில் நடப்பது வேறு என்று அம்பலப்படுத்தியது. அதே ஆண்டில், உண்மையாகவே இத்தொழிலைக் கற்ற நான்கு பெண்கள் சேர்ந்து, தேர்வும் ஒழுங்குவிதிகளும் கொண்ட சங்கம் ஒன்றை நிறுவினர். மருத்துவர் பணிக்காமல் நோயாளியைத் தொடக்கூடாது என்பது அவர்களது அடிப்படை விதி. முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களின் கைகால்களை மீண்டும் இயங்கச் செய்தபோது அக்கைகளின் அருமையை நாடு கண்டது. 1920இல் அரச சாசனம் கிடைத்தது. 1944இல் அச்சங்கமே பிரிட்டனின் இயன்முறை மருத்துவர் சங்கம் என்று பெயர் மாறியது. தொடுவதே இழிவு என்ற எண்ணத்தைக் கடந்துவர ஐம்பது ஆண்டுகள் ஆயின.

இம்மரபிலிருந்து கோல்ஃப் முழங்கைக்கு நேரடியாக வந்து சேர்ந்தவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ். லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பணிபுரிந்த இவருடைய தாய்வழிப் பாட்டனார், சுவீடன் முறையை லண்டனுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஹென்ரிக் கெல்கிரென். பாட்டனாரின் கைப்பழக்கத்தைப் பேரன் உடற்கூற்று அறிவோடு இணைத்தார். வலிக்கும் தசைநாணைத் துல்லியமாகக் கண்டறிந்து, நார்கள் ஓடும் திசைக்குக் குறுக்கே, விரல்நுனியால் ஆழமாக உரசுவது அவர் முறை. சுகமான தடவல் அன்று அது, வலிக்கும். நாட்பட்ட தசைநாண் வலிக்கு உலகெங்கும் இயன்முறை மருத்துவர்கள் இன்றும் அதைக் கையாள்கின்றனர்.

மூடுபனியில் ஒரு பாலம்

இனி ஹோகனிடம் வருவோம். டெக்சாஸ் மாநிலத்தில் 1912இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தை தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். குடும்பம் வறுமையில் விழ, சிறுவன் ஃபோர்ட் வொர்த் நகரின் கோல்ஃப் திடலில் பிறருடைய மட்டைப் பைகளைச் சுமந்து காசு சம்பாதித்தான். முன்பு சொன்ன சித்திரத்தில் பின்னால் நடந்துவரும் பையன் நினைவிருக்கிறதா? அவன்தான் இவர். 1948இல் அமெரிக்க ஓப்பனையும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் வாகைப் பட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்று உச்சியில் நின்றார்.

1949 பிப்ரவரி 2 காலையில், மனைவி வாலரியுடன் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வான் ஹார்ன் என்ற சிற்றூருக்குக் கிழக்கே மூடுபனி கவிந்த பாலத்தில், முன்சென்ற லாரியை முந்த முயன்ற பேருந்து எதிர்த்தடத்தில் வந்து மோதியது. கடைசி நொடியில் மனைவியைக் காக்க அவர்மேல் குறுக்கே பாய்ந்தார் ஹோகன். ஓட்டுநர் இருக்கையை ஊடுருவிய திருப்புசக்கரத் தண்டு அவரைத் தைக்காமல் விட்டது அதனால்தான். இடுப்பெலும்பு இரண்டிடத்தில் உடைந்தது. காறையெலும்பும் இடது கணுக்காலும் முறிந்தன, விலாவெலும்பும் அடிபட்டது.

எலும்புகள் கூடிவரும் வேளையில் வேறோர் அபாயம் வந்தது. அசையாமல் படுத்திருந்த கால்களின் நாளங்களில் இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டிகள் நுரையீரலை நோக்கி நகரத் தொடங்கின. நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆல்டன் ஆக்ஸ்னர் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இராணுவ விமானத்தில் எல் பாசோ நகருக்குப் பறந்துவந்தார். உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக்கொணரும் பெருஞ்சிரையையே கட்டி மூடுவது என்று முடிவாயிற்று. உயிர் பிழைத்தது. புகைப்பழக்கத்தையும் நுரையீரல் புற்றையும் இணைத்து முதலில் எச்சரித்தவர்களில் ஒருவர் இந்த ஆக்ஸ்னர். அவர் காப்பாற்றிய ஹோகனோ ஓயாது புகைப்பவர். வரலாறு இப்படியும் மனிதர்களைச் சந்திக்க வைக்கிறது.

பெருஞ்சிரை மூடப்பட்டதால், இரத்தம் சிறு சிரைகளின் வழியே சுற்றிச்சுற்றி மேலேற வேண்டியதாயிற்று. அன்றுமுதல் வாழ்நாள் முழுவதும் நின்றால் கால் வீங்கும்; நடந்தால் வலிக்கும். இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். வீங்கி வலிக்கும் காலைப் பார்த்ததும் எண்ணெய் தொட்டு நீவத்தான் நம் கை துடிக்கும். ஆனால் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கும் காலை அழுத்தி நீவினால், அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்கு ஓடக்கூடும். ஆற்றும் கையே உயிரைக் குடிக்கும் இடம் அது. நீவுதலை மருத்துவம் என்று மதித்தால், அதற்கு விலக்குகளும் உண்டென்று மதிக்கவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, கெண்டைச்சதை வலித்தால், நாடவேண்டியவர் மருத்துவர், பிடித்துவிடுபவர் அல்லர்.

ஹோகன் வீட்டிலிருந்து மீண்ட கதையில் அற்புதம் ஏதுமில்லை. முதலில் அறைக்குள் நடை, பிறகு வீட்டைச் சுற்றி, பிறகு தெருவில். 1949 டிசம்பரில் மீண்டும் திடலில் மட்டையைத் தொட்டார். 1950 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் சாம் ஸ்னீடுடன் சமநிலை எய்தி, தனியாட்டத்தில் தோற்றார். ஆட்டமுள்ள நாளெல்லாம் விடியலில் எழுந்து, எப்சம் உப்பு கரைத்த வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் கிடப்பார். நம்மூரில் பேதியுப்பு என்று வழங்கும் அதே உப்புத்தான். இறுகிய தசைகளை வெந்நீரின் சூடு இளக்கிய பின், கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கட்டு சுற்றுவார். அக்கட்டின் வேலை என்ன? நீவும் கை கீழிருந்து மேலாக எதைச் செய்யுமோ, அதையே நாள் முழுவதும் மெல்லச் செய்வது: தேங்கும் இரத்தத்தை மேலே அனுப்புவது. நீவக்கூடாத காலுக்கு அந்தத் துணியே கையாக இருந்தது. மாலையில் கட்டை அவிழ்த்து மீண்டும் வெந்நீர்.

மெரியனில் அந்தச் சனிக்கிழமை, பிற்பகல் சுற்றின் 12ஆவது குழியில் கால்கள் பூட்டிக்கொண்டு, கிட்டத்தட்ட விழப்போனார். முன்னிலை குழிக்குக் குழி கரைந்தது. கடைசிக் குழியில் நிர்ணயித்த நான்கு வீச்சில் முடித்தால் சமநிலை. முகம் தெரியாத அந்தப் படம் எடுக்கப்பட்டது அங்கேதான்: இரண்டாவது வீச்சு, பந்து பசுந்திடலை எட்டியது, நான்கில் முடிந்தது. மறுநாள் மேலும் 18 குழிகள். ஹோகன் 69, லாய்ட் மாங்ரம் 73, ஜார்ஜ் ஃபாஸியோ 75. வெற்றியை விட, அந்த மறுநாள் காலையே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 36 குழி நடந்த கால்கள் மறுநாளும் எழுந்து நின்றன. அவர் வென்ற ஒன்பது பெரும் பட்டங்களில் ஆறு, விபத்துக்குப் பின் வந்தவை.

நம்பிக்கையும் அளவீடும்

ஹோகனின் கட்டுகளைக் கண்ட பின்னும் கோல்ஃப் உலகம் உடனே திருந்திவிடவில்லை. 1950களின் பிற்பகுதியில் தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர் பளு தூக்குவதையும் உடலை வளைத்து நீட்டுவதையும் கண்டு சக ஆட்டக்காரர்கள் நகைத்தனர். தசை இறுகி வீச்சு கெட்டுவிடும் என்பது அன்றைய ஞானம். பிளேயர் 1978இல், தம் 42ஆவது வயதில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றபோது நகைப்பு அடங்கியிருந்தது. 1980களில் கலிபோர்னியாவில் ஃபிராங்க் ஜோப் என்ற எலும்பு மருத்துவரும் அவர் குழுவினரும் ஆட்டக்காரர்களின் தசைகளில் மின்முனை பொருத்தி, வீச்சின்போது எந்தத் தசை எப்போது உழைக்கிறது என்று பதிவுசெய்தனர். அதே பத்தாண்டில், உடற்பயிற்சிக் கருவிகளும் இயன்முறை மருத்துவரும் கொண்ட வண்டி ஒன்று அமெரிக்கப் போட்டிகளைப் பின்தொடர்ந்து ஊர் ஊராகச் செல்லத் தொடங்கியது. மறைத்துக் கட்டிய காலம் போய், வரிசையில் நின்று பிடித்துக்கொள்ளும் காலம் வந்தது.

அதன்பின் எதிர்த்திசையில் ஒரு மிகை தோன்றியது. நீட்டினால் ஊறே வராது, நீவினால் எல்லாம் தீரும் என்ற பேச்சு. அதையும் சோதித்துப் பார்த்தனர். 2000இல் ஆஸ்திரேலியாவில் 1538 இராணுவப் பயிற்சியாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மட்டும் பயிற்சிக்கு முன் கால்தசைகளை நீட்டச் செய்தனர். ஊறுகளின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பயிற்சிக்குப் பின்வரும் தசைவலியையும் நீட்டல் பெரிதாகக் குறைப்பதில்லை என்பது 2011இல் வெளியான தொகுப்பாய்வின் முடிவு. சிரியாக்ஸின் குறுக்குரசலுக்கும் இதே கதிதான்: முழங்கை வலிக்கு அது உறுதியாகப் பலனளிக்கிறது என்று சொல்லச் சான்று போதாது என 2014இல் ஆய்வாளர்கள் எழுதினர். தசைநாண் வலிக்கு, சிறுகச் சிறுகப் பளுவேற்றி அத்தசையை உழைக்க வைப்பதே இன்று முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

அப்படியானால் இருநூறு ஆண்டுக் கை வேலை வீண்தானா? அவ்வாறு நாம் கருதவில்லை. கை செய்வது இன்னதென்று இப்போது அளவோடு சொல்லமுடிகிறது. நீவுதல் வலியைச் சிறிது நேரம் தணிக்கிறது, இறுக்கத்தைத் தளர்த்துகிறது, அந்த இடைவெளியில் நோயாளி அசையத் துணிகிறார். குணமாக்குவது அந்த அசைவு. நீட்டல், இடுப்பும் தோளும் திரும்பும் எல்லையை நாளடைவில் விரிவாக்குகிறது. முறுக்கம் முழுவதும் கீழ்முதுகின் தலையில் விழாமல் பங்கிடப்பட அது உதவலாம். ஆனால் அது அன்றாடப் பழக்கமாக வேண்டும். குளிர்ந்த தசையை ஆட்டத்துக்குச் சற்றுமுன் நெடுநேரம் இழுத்துப் பிடிப்பது அதன் விசையைச் சிறிது குறைக்கவே செய்யும். ஆட்டத்துக்கு முன் வேண்டியது விரைந்த நடை, கை சுழற்றல், இடுப்பைத் திருப்பல், சிறு மட்டையில் மெதுவாகத் தொடங்கிப் பெரிய மட்டைக்கு ஏறுதல். இழுத்துப் பிடிக்கும் நீட்டல்கள் மாலைக்கு உரியவை.

ஆஸ்திரேலியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களைக் கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்குச் சற்று மேற்பட்டோரே ஏதேனும் ஆயத்தம் செய்தனர் என்று தெரியவந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் செய்தது, வெறும் காற்றில் இரண்டு மூன்று வீச்சுகள். உடல் தேவையற்ற ஆட்டம் என்ற பழைய நினைப்பு இன்னும் சாகவில்லை போலும்.

2021 பிப்ரவரியில் டைகர் வுட்ஸ் கார் கவிழ்ந்து வலது கால் நொறுங்கியபோது, செய்தி எழுதியோர் பலரும் ஹோகனை நினைவுகூர்ந்தனர். 2022 ஏப்ரலில் வுட்ஸ் மாஸ்டர்ஸ் போட்டியில் நொண்டியபடி நான்கு நாள்களும் ஆடி முடித்தார். வெல்லவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் பின்னும் அந்தக் காலைப் பேணச் செலவான மணிநேரங்களைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசினார். எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹோகன் கால்சட்டைக்குள் மறைத்த ஒன்று, இப்போது ஒலிவாங்கியின் முன் சொல்லத்தக்கதாகிவிட்டது. கோல்ஃப் கடந்துவந்த தொலைவு அதுவென்று நாம் கொள்கிறோம்.

மெரியனில் அந்த இரண்டாவது வீச்சை ஆடிய இடத்தில் இன்று ஒரு சிறு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். வீச்சு ஒரு நொடிக்குச் சற்றே மேல். அதற்குக் கல் உண்டு. அந்த நொடிக்காக விடியலில் நிறைக்கப்பட்ட வெந்நீர்த் தொட்டிக்கும், கணுக்காலிலிருந்து மேல்நோக்கிப் பொறுமையாகச் சுற்றப்பட்ட துணிக்கும் கல் ஏதும் இல்லை. அவற்றுக்காக இங்கே சில பக்கங்கள்.